எழுதின ஆள் பெயர் எங்கே அண்ணே?

அண்ணன் ஒருவர் இணையத்தில் போட்ட ‘உலகப் போராட்டப் பாடல்கள்’ பட்டியலைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் நான் என்ன செய்ய?

‘குடிகாரனும் கயிற்றில் நடப்பவளும்’ (O Bêbado e a Equilibrista) என்ற பிரேசில் பாட்டுக்கு நேராகப் பாடிய எலிஸ் ரெஜினா படம், இசையமைத்த ஜுவாவ் பாஸ்கோ பெயர். எழுதிய ஆல்டிர் பிளாங்க்கைக் காணோம். கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில்: “பாட்டுன்னா குரல்தான் தம்பி. வரியெல்லாம் யாரு கவனிக்கிறா?”

பிரேசிலின் ராணுவ ஆட்சி கவனித்தது அண்ணே. சவுக்கடித் தண்டனையை எதிர்த்து 1910-இல் கறுப்பின மாலுமிகள் கலகம் செய்தார்கள். அவர்களின் தலைவர் ஜுவாவ் கான்டிடோவைப் பற்றி பிளாங்க் வேறொரு பாட்டெழுதினார். அதில் ‘கறுப்பு அட்மிரல்’ என்று வந்ததை மாற்ற வைத்த பிறகுதான் தணிக்கைக்காரர்கள் விட்டார்கள். கத்தரி வரியைத் தேடித்தானே வந்தது?

சரி, பட்டியலில் உள்ள பாட்டுக்கு வருவோம். “அதுக்கு மெட்டுதானே முதலில் வந்தது” என்பீர்கள். ஆமாம். 1977 கிறிஸ்துமஸ் அன்று சாப்ளின் இறந்தார், அதையொட்டி பாஸ்கோ போட்ட மெட்டு. அத்தோடு நின்றிருந்தால் அது ஓர் அஞ்சலிப் பாட்டு, அவ்வளவுதான். நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தவர்களை அதற்குள் கொண்டுவந்தவர் பிளாங்க். கார்ட்டூனிஸ்ட் என்ஃபிலின் அண்ணன் திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கம், 1975-இல் ராணுவக் காவலில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஹெர்சாகின் மனைவி கிளாரிஸின் அழுகை, எல்லாம் அவர் எழுதியது. 1979-இல் எலிஸ் பாடினார். அப்படி ஓடியவர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்று போராடியவர்களுக்கு அதுவே கீதமானது. அதே வருடம் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, என்ஃபிலின் அண்ணனும் ஊர் வந்து சேர்ந்தார்.

“எலிஸ் பாடாவிட்டால்?” சரி, நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அதற்காக?

“போர்த்துகீசு தெரியாத நமக்கு வரி எதுக்கு?” இது அதைவிட அருமை. பிறகு இது போராட்டப் பாட்டு என்று எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், தாளத்தை வைத்தா?

ஒரு குறும்படத்துக்கு நானும் பாட்டெழுதியிருக்கிறேன். திரையிடலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். டீ வாங்கி வந்த பையன் பெயர்கூட நன்றியில் ஓடியது (ஓடட்டும், டீ நன்றாகவே இருந்தது). என் பெயர் வரவே இல்லை. விளக்கு போட்ட பிறகும் அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை, விடுங்கள்.

“சொந்தக் கடுப்பை இங்கே கொட்டுறான்” என்று ஒருவர் வருவார். வரட்டும். பிளாங்க்குக்கு என்ன கடுப்பு? மனநல மருத்துவர் வேலையை உதறிவிட்டுப் பாட்டெழுத வந்த மனிதர். 2020 மே 4 அன்று, 73 வயதில், ரியோவில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்காகக் குடும்பமும் நண்பர்களும் ஊரறிய உதவி கேட்க வேண்டியிருந்தது. எழுதினவனுக்குக் கிடைக்கிற மரியாதை இதுதான். செத்த பிறகு, அடுத்த மாதமே, கலைத்துறைக்கு 300 கோடி ரெயால் நிவாரணம் கொடுத்த சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு நாட்டின் சட்டத்தில் இடமிருந்த பெயருக்கு அண்ணன் பட்டியலில் இடமில்லையாம்.

ஒரு பெயருக்கா இவ்வளவு கத்தல் என்றால், ஆமாம், ஒரு பெயருக்குத்தான். எடிட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? என்னை பிளாக் பண்ண அதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும் போல. அதைச் செய்துவிட்டார்.