உளவளத்துணைக்குப் (மனநல ஆலோசனைக்கு) போனால் பொலிஸ் வழக்கு வருமா?

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒருவர் எழுதியது இது: ‘சாகத் தோன்றுது என்று உளவளத்துணையாளரிடம் வாய் திறந்தால் பொலிஸ் வழக்குப் போடும்.’ அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் தகவல் சரியில்லை.

மனதில் தோன்றியதைச் சொல்வது இலங்கையில் குற்றமில்லை. தற்கொலைக்கு முயல்வது முன்பு குற்றமாக இருந்தது உண்மை. தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு அது, 1998இலேயே நீக்கிவிட்டார்கள். இந்தியச் சட்டத்தில் 309ஆம் பிரிவு நெடுங்காலம் இருந்தது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் குழப்பம் வருவது ஆச்சரியமில்லை.

“நஞ்சு குடித்தவரிடம் ஆஸ்பத்திரியில் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கிறதே?” என்று கேட்கலாம். வேறு யாரும் தீங்கு செய்தார்களா, தூண்டினார்களா என்று பார்க்கத்தான் அது. தூண்டுவது இன்றும் குற்றம். ஆனால் தற்கொலைக்கு முயன்றதற்காக ஒருவர் மீது குற்றஞ்சுமத்தச் சட்டத்தில் இடமில்லை.

சரிபார்க்க, 1998ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள். தெரிந்த சட்டத்தரணி இருந்தால் ஒரு நிமிடக் கேள்விதான். இல்லாவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து இதையே கேளுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.