சாமர்செட் வழக்கும் மான்ஸ்ஃபீல்டு பிரபுவும்: ஒரு திருத்தம்

1772ஆம் ஆண்டு சாமர்செட் வழக்கின் தீர்ப்பால் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு பிரித்தானியப் பேரரசு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தார் என்று ஒரு நண்பர் குறிப்பிட்டிருக்கிறார். தீர்ப்பின் வரம்பு அதைவிட மிகக் குறுகியது. ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் சாமர்செட்டை விடுவித்த அவர், இங்கிலாந்திலிருந்து ஓர் அடிமையைப் பலவந்தமாக வெளியே கொண்டுசெல்ல எசமானருக்குச் சட்டம் இடமளிக்கவில்லை என்ற அளவிலேயே நின்றார். அடிமைத் தாய்க்குப் பிறந்து தம் வீட்டில் வளர்ந்த டைடோ பெல் என்ற பெண்ணின் விடுதலையைக்கூட அவர் தம் உயிலில் தனியே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஐயமுள்ளவர்கள் இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டன் ஊர் தொடர்பான 1785ஆம் ஆண்டு வழக்கின் அறிக்கையைப் பார்க்கலாம். சாமர்செட் தீர்ப்பு இதற்கு மேல் செல்லவில்லை என்று மான்ஸ்ஃபீல்டே அதில் விளக்கியிருக்கிறார்.