முடிவெட்டும் கடைக்குக் கீழே பிறந்த குழு

"ராக் குழுவுக்கு எதுக்குப்பா பேக்பைப்? கூட்டம் சேர்க்கிற வித்தைதானே?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். பேக்பைப் என்பது பையில் காற்றை நிரப்பி, அதை அழுத்தி வாசிக்கும் குழல் வாத்தியம். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பதினோரு வருஷமாக பாஸ்டனில் இருக்கிறேன். இந்த ஊர் தன் பிள்ளைகளாகக் கொண்டாடும், ஐரிஷ் (அயர்லாந்து) பாட்டையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் டிராப்கிக் மர்ஃபிஸ் குழுவை வைத்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டனுக்குத் தெற்கே, ரெட் லைன் ரயில் போகும் ஊர் குவின்ஸி. கப்பல் கட்டிப் பிழைத்த ஊர். அந்தக் கப்பல் தளம் 1986இல் மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1996இல், அங்கே ஒரு முடிவெட்டும் கடையின் நிலவறையில் நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். தொடக்கமே ஒரு பந்தயம்தான். அந்த நாலு பேரில் ஒருவரான கென் கேசியை, கூட வேலை பார்த்தவர் உசுப்பிவிட்டார்: கேசி மூன்றே வாரத்தில் ஒரு குழுவைச் சேர்த்து, அந்த நண்பருடைய குழுவின் கச்சேரிக்கு முன்னால் மேடை ஏற வேண்டும். பந்தயம் 30 டாலர். கேசி ஏறிவிட்டார்.

பெயர் வந்த இடமும் உள்ளூர்தான். குடியை விட வருகிறவர்களுக்காக, ஜான் 'டிராப்கிக்' மர்ஃபி என்ற முன்னாள் மல்யுத்த வீரர் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு இல்லம் நடத்தினார். அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

இனி பைப். ஒருமுறை ஐரிஷ்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் நாளின் மார்ச் மாத ஊர்வலத்தில், தெற்கு பாஸ்டனில், ஒரு பைப்பருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றேன். ஊதிப் பையை நிரப்பினார். உள்ளங்கையால் பையில் ஓர் அடி. தோளில் சாய்ந்திருந்த மூன்று குழல்களும் ஒன்றாக ரீங்காரம் எடுத்தன. பையைக் கக்கத்தில் இடுக்கி அவர் அழுத்தியதும், விரல் வைத்து வாசிக்கும் பாட்டுக் குழல் பிளிறியது. எனக்கு நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நிற்கும் ஒத்துதான் ஞாபகம் வந்தது. பாட்டுக் குழலுக்குள் இருப்பதும் சீவாளி போல இரட்டை நாக்குத்தான்.

மொத்தம் ஒன்பது சுரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பாட்டின் நடுவில் ஒலியை நிறுத்தி இடைவெளி விடவும் முடியாது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமென்றால், நடுவே வேறொரு விரலைச் சட்டென்று தட்டித்தான் பிரித்துக் காட்ட வேண்டும். சுருதி மேற்கத்திய இசையின் பி ஃபிளாட் சுரத்தை ஒட்டியே நிற்கும், கிடார்காரர்தான் அதற்கு இணங்கி வர வேண்டும். ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளும் வாத்தியமில்லை இது. இதைச் சேர்த்துக்கொள்கிற குழு, பாட்டையே இதைச் சுற்றித்தான் கட்டியாக வேண்டும். வித்தை காட்டுவதுதான் நோக்கம் என்றால் யாரும் இவ்வளவு தொல்லையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

1998இல் வந்த இவர்களின் முதல் ஆல்பம் பைப் முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. அப்போது குழுவில் நிரந்தர பைப்பர் கிடையாது, வெளியிலிருந்து ஒருவர் வந்து வாசித்துக் கொடுத்தார். 2000இல்தான் ஒரு பைப்பர் முழுநேரமாகச் சேர்ந்தார். ஆளே இல்லாத நாளிலும் அந்த ஒலி அவர்களுக்கு வேண்டியிருந்தது. இதைத்தான் நண்பருக்கு முதலில் சொல்ல நினைத்தேன்.

ஏன் வேண்டியிருந்தது? அயர்லாந்துக்கென்று தனி பைப் உண்டு. உட்கார்ந்தபடி, முழங்கைத் துருத்தியால் காற்றடித்து வாசிப்பது. இவர்கள் கையில் இருப்பதோ ஸ்காட்லாந்தின் மலைநாட்டு பைப். ஐரிஷ் பாட்டு வாசிக்கிறவர்களுக்கு ஸ்காட்லாந்து பைப் எதுக்கு என்று, இதிலும் அந்த நண்பர் குறை கண்டார். ஆனால் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களிலிருந்து ஏராளமானோர் போலீஸிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தார்கள். அங்கே அவர்கள் வைத்துக்கொண்ட பைப் குழுக்கள் ஏந்தியது இந்த மலைநாட்டு பைப்பைத்தான். பணியில் ஒரு தீயணைப்பு வீரர் இறந்தால் இந்த ஒலிதான் சவப்பெட்டியோடு நடக்கிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு அது மார்ச் மாத ஊர்வலத்தின் சத்தம், மாமாவின் இறுதி ஊர்வலத்தின் சத்தமும் அதுவே. அப்படி வளர்ந்தவர்கள் கிடாரைத் தூக்கினால், பைப் கூடவே வராமல் வேறென்ன வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவின் முதல் பாடகர் மைக் மெக்கால்கன், முதல் ஆல்பம் வந்த அதே 1998இல் குழுவை விட்டு விலகினார். பாஸ்டன் தீயணைப்புத் துறையில் சேரப் போனார்.

குழு இன்றும் மார்ச்சில் செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி பாஸ்டனில் வாசிக்கிறது. நண்பரே, அடுத்த மார்ச்சில் வாருங்கள். டிக்கெட் என் பொறுப்பு, பைப்பர் நிற்கிற பக்கமாகவே நிற்போம்.