சூடு காட்டி உரிக்காதீர்கள்

பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய புகைப்படம் ஹேர் டிரையர் சூட்டில் தானே கழன்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு, தயவுசெய்து செய்துவிடாதீர்கள். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் என்னும் பசை போன்ற பூச்சு. சென்னைக் காற்றின் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. சூடு பட்டால் விறைத்து விரிசல் விடும். இழுத்தால் தாள் கையோடு வரும், பாட்டியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அந்த முகம் அப்புறம் கிடைக்காது.

கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். கேமராவில் எடுத்தால் இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, பிம்பம் விழாமலிருக்கக் கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி. ஸ்கேனர் என்றால் சிசிடி வகை (சற்றுத் தள்ளியிருப்பதையும் தெளிவாகப் பிடிப்பது), 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனரில் (ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பிடிப்பது) கண்ணாடியின் கனத்தால் படம் மங்கலாகத்தான் விழும்.

இன்னும் ஒட்டாத படங்களுக்கு ஓரமெங்கும் மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.