அந்தக் கார்ட்டூனைப் பிள்ளைகள் முழுதாகப் பார்க்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். விண்வெளி வீரர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்ற ஒரு கார்ட்டூனை எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவர்கள் மலசலகூடம் பாவிக்கப் பழகுகிற இடம் வந்தபோது ஒருவர் வயரைக் கழற்றிப் படத்தை நிறுத்திவிட்டார். வீடியோ எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. யார் எழும்பிப் போய் வயரைக் கழற்றினார், என்ன சொன்னார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் நேற்றிரவு அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததை எல்லாம் வாசித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. "கோயில் வீதியில இருக்கிற வாசிகசாலையில கக்கூஸ் கதையோ?" என்று அவர் கேட்டது கோபத்தில். கீழே எழுதியவர்கள் வீட்டில் இருந்து, ஆறுதலாக யோசித்து எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு நோகிறது.

ரொக்கெட் பறக்கிறதைக் காட்டியிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, நெருப்பும் புகையுமாகக் கிளம்பும்போது பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் கை தட்டியிருப்பீர்கள். அந்த ரொக்கெட்டுக்குள் இருக்கிறவர் அதற்கு முதல் வருடக்கணக்காக என்ன பாடுபட்டார் என்று காட்டினால்தான் பிரச்சினை. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குத் தேவையானது இதுதான். ரொக்கெட் மேலே போய்ச் சேருவதற்குப் பத்து நிமிடம்கூட எடுக்காது. நாசாவில் புதிதாகத் தெரிவாகிறவருக்கு அடிப்படைப் பயிற்சி மட்டும் ஏறக்குறைய இரண்டு வருடம். அதில் ஒரு நீச்சல் சோதனை இருக்கிறது: 25 மீற்றர் தடாகத்தை நிற்காமல் மூன்று தரம் நீந்த வேண்டும், பிறகு விமானி உடுப்போடும் சப்பாத்தோடும் திரும்பவும் மூன்று தரம். ரஷ்ய மொழி படிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் உடனே பறக்கக் கிடைக்காது, வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லாமல் ரொக்கெட்டை மட்டும் காட்டினால், ஒரு பொத்தானை அமத்தினால் விண்வெளி வரும் என்றுதான் அது நினைக்கும்.

"உண்மையான வீடியோவைக் காட்டலாமே, ஏன் கார்ட்டூன்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நான் காட்டிப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் ஹூஸ்டனில் அவர்கள் பயிற்சி எடுக்கிற ஒரு பெரிய தடாகம் இருக்கிறது, 62 மீற்றர் நீளம், 12 மீற்றர் ஆழம். விண்வெளி நிலையத்தின் பகுதிகளைப் போலவே செய்து தண்ணீருக்குள் வைத்திருக்கிறார்கள். விண்வெளியில் வெளியே வந்து ஒரு மணித்தியாலம் செய்யப் போகிற வேலையை அங்கே ஏழு மணித்தியாலம்வரை பழகுவார்கள். அந்த வீடியோவில் பிள்ளைக்குத் தெரிவது நீல நிறத் தண்ணீரும் வெள்ளை உடுப்புகளும் மட்டும்தான், இரண்டு நிமிடத்தில் எழும்பி ஓடிவிடும். கார்ட்டூனில் அந்த உடுப்பில் எங்கே பாரம் கட்டியிருக்கிறது, எங்கே மிதவை இருக்கிறது, அதனால் ஆள் தாழாமலும் மேலே வராமலும் விண்வெளியில் மிதப்பதுபோல நடுவில் நிற்கிறார் என்று கீறிக் காட்டலாம். பயிற்சி விமானம் மேலே ஏறி வளைந்து இறங்கும்போது உள்ளே இருக்கிறவர்கள் இருபது, இருபத்தைந்து விநாடிக்கு மிதப்பார்களே, அந்த வளைவையும் ஒரே கோட்டில் காட்டிவிடலாம். உண்மையான வீடியோவில் விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கே விளங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீருக்குள் இறங்குகிற இடம் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "ரீச்சர், மேல போறவை ஏன் கீழ தண்ணிக்குள்ள இறங்கினம்?" உங்கள் போனுக்கு வந்த வீடியோவில் இதுவும் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் வராத கேள்வி அது. பிள்ளைக்கு விளங்காது என்று எழுதினவர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை எனக்கு எழுதுங்கள் பார்ப்போம்.

சரி, கக்கூஸ் கதைக்கு வருகிறேன். அதுதானே உங்கள் பிரச்சினை.

விண்வெளியில் எதுவும் கீழே விழாது. அதனால் அங்கே மலசலகூடத்தைப் பாவிக்கப் பழக வேண்டும். நாசாவில் அதற்கென்று ஒரு பயிற்சி ஆசனம் வைத்து, சரியான இடத்தில் இருக்கிறோமா என்று பார்க்கக் கீழே ஒரு கமரா பூட்டிப் பழக்கியிருக்கிறார்கள். யாரை? போர் விமானிகளை, வைத்தியர்களை, விஞ்ஞானிகளை. ஒருவரும் வெட்கப்பட்டு ஓடவில்லை. ஏன் பழக்கினார்கள் என்றால், பழக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். 1961 மே 5 அன்று அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் அலன் ஷெப்பர்ட் புறப்படக் காத்திருந்தார். பதினைந்து நிமிடப் பயணம்தானே என்று இதைப் பற்றி ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. புறப்பாடு மணிக்கணக்கில் பிந்தியது. அந்த மனிதர் கடைசியில் அனுமதி கேட்டு உடுப்புக்குள்ளேயே சிறுநீர் கழிக்க வேண்டி வந்தது. பெரிய பொறியியலாளர்கள், கோடிக்கணக்கில் பணம், ஆனால் இதை யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடக்கப் போகிறவர்கள் உடுப்புக்குள் பம்பர்ஸ் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள், ஆறேழு மணித்தியாலம் வெளியே நிற்க வேண்டும்.

இதை ஏன் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தை மாதமும் எங்களிடம் புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர் காலையில் இருந்து அடக்கிக்கொண்டே இருப்பார்கள். கேட்க வெட்கம். வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னாலே ஏச்சு விழுந்திருக்கும். பிறகு கதிரையில் போய்விடும், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாசலில் நின்று அம்மாவின் சீலையை விடாது. மூன்று, நான்கு வயதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயம் இதுதான். அந்தப் பிள்ளைக்கு, ரொக்கெட்டில் போகிற பெரிய ஆளும் இதைப் பழகித்தான் போகிறார் என்று தெரிய வேண்டாமா? சரியாக அந்த இடத்தில்தான் வயரைக் கழற்றினார்கள். அதற்கு முதல் நிமிடம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கழற்றின பிறகு அந்தச் சிரிப்பே ஒரு குற்றம் மாதிரி ஆகிவிட்டது. அதை நான் கண்ணால் கண்டேன், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கார்ட்டூன் பார்த்துப் பிள்ளைகள் போனுக்கு அடிமையாகிறார்கள் என்று கனபேர் எழுதியிருக்கிறீர்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எனக்கும் தெரியும். நாங்கள் காட்டினது பன்னிரண்டு நிமிடம், எல்லாரும் ஒன்றாக இருந்து, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கதைத்து. சாப்பாடு தீத்துவதற்காகக் கையில் போனைக் கொடுத்துவிட்டு விடுகிறதும் இதுவும் ஒன்றா? கார்ட்டூன்களில் பொய் இருக்கிறது என்பதும் உண்மைதான், தலைக்கவசம் இல்லாமல் சந்திரனில் துள்ளுகிற பூனையை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தேடி எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, எங்கள் பேச்சில் நானே கதை சொன்னேன்.

"எங்கட பிள்ளையள் விண்வெளிக்குப் போகப் போகுதுகளோ? புலமைப்பரிசிலுக்குப் படிப்பியுங்கோ." இது ஒரு தாய் எழுதியது. அம்மா, உங்கள் பிள்ளைக்கு நான்கு வயது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. போவார்களா என்று எனக்குத் தெரியாது, போகவேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. 1963இல் விண்வெளிக்குப் போன முதல் பெண் வலன்ரினா தெரெஷ்கோவா புடவை ஆலையில் வேலை செய்தவர், பொழுதுபோக்காகப் பரசூட்டில் குதிக்கப் பழகியவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் மனிதரை விண்வெளிக்கு அனுப்புகிற இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தெரிவான நால்வரில் ஒருவர். 2024இல்தான் பெயரை வெளியில் சொன்னார்கள், அதற்கு முதலே அவர்கள் ரஷ்யாவில் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்து முடித்திருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாமல், ஒருவரும் கை தட்டாமல். பிள்ளைக்கு நான் காட்ட விரும்புவது அதைத்தான். எங்கள் வகுப்பில் மணி கோர்க்க வராமல் எறிந்துவிட்டு அழுகிற ஒரு பிள்ளை இப்போது "ரெயினிங் செய்யிறன் ரீச்சர்" என்று சொல்லித் திரும்ப எடுக்கிறது. புலமைப்பரிசிலுக்கும் இது உதவும், ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை.

ஆபத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயப்படுத்துகிறேனாம். இதை எழுதியவர் என்னுடைய வயதுக்காரர், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 2013இல் லூக்கா பர்மித்தானோ என்ற இத்தாலியர் விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. கண்ணும் மூக்கும் தண்ணீருக்குள். பார்க்க முடியாமல், தன்னைக் கட்டியிருந்த வடத்தைப் பிடித்தபடி தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். பழகியிருந்தபடியால் வந்தார். பயிற்சி என்பது பயத்தைக் கொடுக்கிற விஷயமா, பயம் வருகிற நேரம் கையில் இருக்கிற விஷயமா?

யுத்த காலத்தில் எங்களுக்கு ஐந்து வயதில் என்ன பழக்கினார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? குண்டு போட வருகிற பொம்மர் சத்தம் கேட்டால் குப்புறப் படு, இரண்டு காதையும் பொத்து, வாயைத் திற. பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் பங்கருக்குள் ஓடப் பழகினோம். சத்தத்தை வைத்தே வருகிற விமானம் சகடையா சியாமாசெட்டியா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நாங்கள். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் வானம் முழுக்க வெள்ளி, ஆனால் அதை ஆறுதலாகப் பார்த்த இரவு எனக்கு ஞாபகம் இல்லை, அம்மா உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பா. சின்னப் பிள்ளைக்குப் பயிற்சி விளங்காது, இந்த வயதுக்கு இது வேண்டாம் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. விளங்கியது. உயிரோடு இருக்கிறோம். இன்றைக்கு அதே வானத்தை ஒரு பிள்ளை வேறு ஒரு காரணத்துக்காக அண்ணாந்து பார்க்கிறது. அதைக்கூட ஒரு பத்து நிமிடம் விட்டுவைக்க எங்களால் முடியவில்லையே என்று நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கனடாவில் இருந்து "இது எங்கட கலாசாரம் இல்லை" என்று எழுதிய அண்ணைக்கு: உங்கள் பிள்ளைகளை அங்கே விஞ்ஞானக் கண்காட்சிகளுக்குக் கூட்டிப்போகிற படங்களை நான் உங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன், விருப்பக் குறியும் போட்டிருக்கிறேன். அங்கே இருக்கிற பிள்ளைக்குச் சரியானது இங்கே இருக்கிற பிள்ளைக்கு ஏன் பிழை?

"பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை வளர்ப்புப் பற்றி என்ன தெரியும்" என்று எழுதியவருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அதற்கு விருப்பக் குறி போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். நான்கு பேருடைய பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். அவ்வளவுதான்.

வாசிகசாலை மண்டபம் இனிக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் முழுவதையும் போடுகிறேன், கக்கூஸ் பகுதியையும் சேர்த்து. பிள்ளையைத் தனிய விட்டுவிட்டுப் போகாமல் தாய் தகப்பனும் கூட இருங்கோ, சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கோ. வயரைக் கழற்றியவரும் வரலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். புரொஜெக்டர் இருக்கிறது, வெள்ளைத் துணி இருக்கிறது, நல்ல ஸ்பீக்கர் ஒன்றுதான் இல்லை. வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முதல் அறிவியுங்கோ.