கடைமடை வீட்டுக்கும் பில் தவறாமல் வருகிறது

நேற்றிரவு இரண்டு மணிக்கு என் அம்மா எழுந்து, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் காற்று சீறும், பிறகு குழாய் இருமும், அதன் பிறகுதான் தேநீர் நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர் விழும் என்பது எழுபத்து மூன்று வயதில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. "நீ போய்ப் படும்மா, காலையில வேலைக்குப் போகணும், நான் பாத்துக்கிறேன்" என்று என்னை அனுப்பிவிட்டார். ஐந்து மணிக்கு நான் எழுந்து வந்தபோது அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருந்தார். வாளி காலியாக இருந்தது. பைப்பு உடைந்து தண்ணீர் நின்று இது ஐந்தாவது நாள். மலேசியத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் குழாயடியில் வரிசை நின்றவர் அவர். சொந்த வீட்டுக்கு வந்த பிறகும் அதே வாளியோடு அவரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

பைப்பு உடைவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் சாலையோரம் புதைந்திருப்பவை பல பத்தாண்டுகளுக்கு முந்திய கல்நார் சிமெண்டுக் குழாய்கள். அவற்றுக்கு வளையும் தன்மை கிடையாது. செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் இரவும் பகலும் மேலே ஓட ஓட, மண் அமுங்கி, எங்காவது ஓரிடத்தில் பிளந்துவிடும். நின்ற தண்ணீர் திரும்பும்போது அழுத்தம் திடீரென்று ஏறி, குழாயினுள் படிந்திருக்கும் இரும்பு, மங்கனீசு வண்டலை அரித்துக்கொண்டு வருவதால்தான் முதல் வாளிகள் பழுப்பாக விழுகின்றன என்பதும் எங்களுக்குப் புரிகிறது. உடைந்த பிறகு ஐந்து நாளாக ஒருவரும் வாய் திறக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் நாள் நீர் நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் இருபது நிமிடம் காத்திருந்து புகார் எண் வாங்கினேன். இரண்டாம் நாள் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, புகார் முடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஒரு சொட்டும் வராத வீட்டின் புகாரை யார், எதைப் பார்த்து முடித்தார்கள்? மூன்றாம் நாள் நேரில் போனேன். முகப்பிடத்திலிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஆனால் அவர் சொன்ன விளக்கம் இரண்டே மலாய்ச் சொற்கள்தாம்: "ஹுஜோங் தாலியான்". உங்கள் வீடு குழாய்த்தொடரின் கடைசி முனையில் இருக்கிறது, கொஞ்சம் மேடாகவும் இருக்கிறது, அதனால் தாமதமாகும் என்பது அதன் பொருள்.

சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த என் தாத்தா இதைக் கடைமடை என்பார். கண்மாய்த் தண்ணீர் தலைமடை வயல்களை நிரப்பிய பிறகே கடைமடைக்கு எட்டும் என்பதால்தான், அந்த ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவரை வைத்து, அவருக்கு நெல்லை அளந்து கொடுத்து, கடைசி வயல் நனைந்ததா என்று பார்க்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். கடைசி வயல் காய்ந்தால் ஊர் அவரைத்தான் கேட்கும். இங்கேயோ, கடைசியில் இருப்பதே எங்கள் குற்றம் என்பதுபோல் பேசுகிறார்கள். எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானுக்கு இணைப்பு கொடுத்தபோது மேடு மேடாகத்தான் இருந்தது. அழுத்தம் போதுமா, உயரத்தில் தொட்டி வேண்டுமா, பம்பு வேண்டுமா என்று பார்த்துத்தானே மீட்டரைப் பொருத்தியிருக்க வேண்டும்?

அந்த மீட்டருக்குக் கடைமடை, தலைமடை என்ற வேறுபாடே இல்லை. பில் ஒரு மாதமும் தாமதமானதில்லை. 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மாநிலங்களிலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் கூடியது. பழைய குழாய்களை மாற்றவும் சேவையை மேம்படுத்தவும் பணம் வேண்டும் என்றார்கள். நாங்களும் முணுமுணுக்காமல் கட்டினோம். தண்ணீர் திரும்பும்போது முன்னால் வரும் காற்றுக்கே மீட்டர் முள் சுற்றுவதைப் பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார். அதைக் காட்டினால், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள்.

இந்நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பில்லில் ஏறாமலே போகிறது. வருவாய் தராத நீர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: கசிவு, திருட்டு, குறைத்துக் காட்டும் மீட்டர் எல்லாம் அதில் அடங்கும். ஆற்றிலிருந்து இறைத்து, மருந்திட்டு, வடிகட்டி, மின்சாரம் செலவழித்து ஏற்றிய நீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று அச்சிட்ட அறிவுரைத் தாளை மட்டும் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். பாத்திரம் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றும் என் அம்மாவிடம் இதைச் சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

யாரைக் கேட்பது என்று தேடினால் அடுத்த வேதனை தொடங்குகிறது. 2005இல் அரசியலமைப்பைத் திருத்தி நீர் விநியோகத்தை மாநிலமும் கூட்டரசும் பகிரும் பொறுப்பாக்கினார்கள். அடுத்த ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் வந்து, 2008 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. உரிமம் கொடுத்துக் கண்காணிக்க ஸ்பான் என்ற தேசிய நீர்ச் சேவை ஆணையம் சைபர்ஜெயாவில் இருக்கிறது. குழாய்களையும் நிலையங்களையும் கட்டிக் குத்தகைக்குவிட நிதியமைச்சின்கீழ் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. ஆறுகளோ மாநில அரசிடம். இத்தனை பேர் இருந்தும், கேட்டால் குழாய் பழசு என்று நிறுவனமும், நிதி வரவில்லை என்று மாநிலமும், முதலில் நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள் என்று மேலேயிருப்பவர்களும் கை காட்டுகிறார்கள். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: உரிமம் பெற்று எங்களிடம் பணம் வாங்குகிறவர் யாரோ அவரே எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

எங்களைவிட மோசமான நிலையில் இருப்பது சாலைக்கு அப்பால் உள்ள தோட்ட வீடுகள். தோட்ட வாசலில் ஒரே பெரிய மீட்டர். அதைத் தாண்டி உள்ளே போகும் பைப்பு எங்களுடையதல்ல என்கிறது நீர் நிறுவனம். நிர்வாகமோ, வாசல் வரைக்குமே தண்ணீர் வரவில்லை என்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்நீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. மீட்டரின் இரண்டு பக்கமும் பொறுப்பாளிகள் இருக்க, நடுவில் கைக்குழந்தைக்காரிகள் தோங் என்னும் தண்ணீர்ப் பீப்பாயைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, ஏறக்குறைய 12 லட்சம் நீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அப்போது மணிக்கொரு அறிவிப்பு, வட்டாரவாரியாகத் தண்ணீர் திரும்பும் நேரம், லோரி நிற்கும் இடங்களின் பட்டியல் எல்லாம் வந்தன. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. இங்கே நான்காம் நாள் வந்த ஒரே தண்ணீர் லோரி பள்ளிவாசல் சந்திப்பில் நின்றுவிட்டு, மேட்டுக்கு ஏறாமலே திரும்பிப் போனது. அது வருவதாக எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்தி போட்டவர் சாலையோர ஒட்டுக்கடைக்காரர். நீர் நிறுவனத்திடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

ஜனவரி முதல் தண்ணீர் நின்ற ஒவ்வொரு நாளையும், திரும்பிய நேரத்தையும், புகார் எண்ணையும் அம்மாவின் பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே உடைந்தது, எப்போது சரியாகும் என்பதை அன்றன்றே அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்காமல் புகாரை முடிக்கக் கூடாது. மேட்டுக்கு லோரி ஏற வேண்டும். தண்ணீர் தராத நாளுக்குரிய தொகையைப் பில்லில் கழிக்க வேண்டும். பழைய குழாய் எந்த மாதம் மாறும் என்று எழுத்தில் தர வேண்டும். புதன்கிழமை காலை பதினெட்டு வீட்டார் அந்த முகப்பிடத்துக்கு இதைக் கொண்டு போகிறோம். அங்கே தரும் பதிலில் கையொப்பமும் தேதியும் இல்லையென்றால், நோட்டின் நகல் அன்று மாலையே சைபர்ஜெயாவுக்கு அஞ்சலில் போகும்.