கல்வெட்டு சொல்லாத இரவு

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றை அண்மையில் படித்தேன். நாவல் என்று அட்டையில் எங்கும் போடவில்லை. ஆனால் கொலை நடந்த அறையில் எரிந்த விளக்கும், சாகும் தறுவாயில் இளவரசன் சொன்ன சொல்லும், கூடவே நின்று பார்த்தவர் எழுதியதுபோல வருகின்றன. நடை அருமையானது, நள்ளிரவு வரை கீழே வைக்க மனமில்லை. அந்த நடைக்கு இருக்கும் வலிமையை எண்ணித்தான் கவலைப்படுகிறேன்.

இக்கொலையை வெளிப்படையாகப் பேசும் சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கொலைக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் பிந்தியது. கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைச் சொல்லி, அவர்கள் உடைமைகளை விற்கும்படி ஊர்ச்சபைக்கு ஆணையிடுகிறது. கொலை நடந்த இடமோ ஆயுதமோ காரணமோ அதில் இல்லை. கொலை நடந்த இடமாகக் கடம்பூர் மாளிகை கல்கியின் நாவலிலிருந்து நம் நினைவில் ஏறிக்கொண்டது. ராஜராஜனுக்கு முன் அரசாண்ட உத்தம சோழனுக்குக் கொலையில் பங்குண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். நான் படித்த நூலோ அந்த ஐயத்தை நடந்த நிகழ்ச்சியாகவே சொல்லிச் செல்கிறது. இப்படி ஒரு விவாதம் நடந்த சுவடே அதில் இல்லை.

வரி தோறும் 'இருக்கலாம்' என்று எழுதினால் கதை நொண்டும் என்பார்கள். உண்மைதான், வறண்ட வரலாற்றை யாரும் படிப்பதில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் தமிழில் 'சொன்னான்' என்பதற்கும் 'சொல்லியிருக்கக்கூடும்' என்பதற்கும் இடையே இருப்பது ஓரிரு துணைவினை அளவு தூரம்தான். அதைக்கூடக் கடக்க மனமில்லாதவர், சான்று இல்லாத இரவை விட்டுவிட்டு, சான்று அடர்ந்திருக்கும் இடத்தில் தன் கதையைத் தொடங்கலாமே.

அப்படிப்பட்ட இடம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரம்மாதிராஜன். அவன் தம்பி பரமேஸ்வரனின் பட்டம் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் அண்ணனின் பட்டத்தில் பாண்டியன் பெயரும், தம்பியின் பட்டத்தில் சோழன் பெயரும் இருந்திருக்கின்றன! இதைவிடப் பெரிய நாடகத்தை யார் கற்பனை செய்துவிட முடியும்?

ஆணை உறவினர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறது: தாயுடன் பிறந்த மாமன்மார், துரோகிகளுடன் பிறந்த பெண்களை மணந்தவர்கள், துரோகிகள் பெற்ற பெண்களை மணந்தவர்கள். அந்த மருமகன்களில் ஒருவரின் பெயரைக்கூடக் கல்வெட்டு தரவில்லை. பெண் எடுத்த உறவுக்காக அவர்கள் இழந்த நிலத்தைப் பற்றியும், ஆணை வந்த நாளில் அந்தச் சபையின் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில் அந்தப் பெண்களின் நிலை என்னவாயிற்று என்ற, விடை கிடைக்காத கேள்வியைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதப்பட்டால், அதையும் நள்ளிரவு வரை விழித்திருந்து படிப்பேன்.